விரியன் குட்டி போடும் வருஷம்

மாடியில் குடியிருந்த புல்லு சாருக்குப் புல்லைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அந்த வீட்டில் இரண்டே பேருக்குத் தெரிந்த ரகசியம் அது. ஒருவர் புல்லு சாரேதான். இன்னொருத்தி அவருடைய மனைவி. தெருவில் எல்லோருக்கும் அவள் தையல்காரி. அவருக்கு மட்டும் ‘ஊசி’.

புல்லு சார் என்ற பெயரை வைத்தவர் கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா. அவர்கள் குடிவந்த அன்று, சாமான்கள் படியேறிக்கொண்டிருக்கும்போதே, “உன் வீட்டுக்காரர் எங்கம்மா வேலை பாக்குறார்?” என்று கேட்டார். தையல்காரிக்கு வாய் முந்திக்கொண்டது. “மலைமேல புல்வெளி இருக்கில்லம்மா, அந்த ஆபீஸ்ல. கணக்கெடுக்குற வேலை” என்றாள். எதைக் கணக்கெடுக்கிற வேலை என்று அவள் சொல்லவில்லை. வீட்டுக்காரம்மா தானாகவே புல் என்று வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. வாசலில் அவர் ஒரு புல்தரை வளர்த்துவந்தார். கட்டில் விரிப்பு அளவுதான் இருக்கும், ஆனால் அவருக்கு அதுதான் உயிர்.

“புல்லு சார், இது ஏன் இப்படி மஞ்சளாப் போகுது?”

“தண்ணி அதிகமாயிடுச்சும்மா.”

அடுத்த முறை கேட்டால், “தண்ணி பத்தலைம்மா” என்பார். அவரிடம் இருந்தது இந்த இரண்டு பதில்கள்தான். மாற்றி மாற்றிச் சொல்லிக் காலத்தை ஓட்டினார். புல்தரையும் பொறுமையாக மஞ்சளாகவே இருந்தது.

உண்மையில் அவர் கணக்கெடுத்தது புல்லுக்குள் குடியிருக்கும் விரியனை. மலையின் உச்சிக்குக் கீழே, மரங்கள் நின்றுபோகும் இடத்திலிருந்து தொடங்கும் புல்வெளியில் மட்டும் வாழ்கிற ஒரு சின்ன விரியன் அது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வைத்துப் பார்த்தால் அதுவே அதற்குக் கொஞ்சம் அதிகம். சாம்பல் நிற முதுகில் கறுப்பாக ஒரு நெளிகோடு ஓடும். காலையில் வெயில் ஏறியதும் புல் திட்டுகளின்மேல் ஏறிப் படுத்துக் குளிர்காயும். வெயில் சுடத் தொடங்கினால் அடியில் போய்விடும். நடுவில் வெட்டுக்கிளி பிடித்துத் தின்னும். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

“வெட்டுக்கிளி தின்னுற ஜீவன், ஊசி. நம்மளக் கண்டா அதுக்குத்தான் பயம்.”

“விஷம் இருக்கா, இல்லையா?”

“இருக்கு.”

“அப்ப பேச்சை விடுங்க.”

இதற்கு முன்னால் இருந்த வீடுகளை அவர்கள் இழந்ததெல்லாம் இந்தப் பேச்சினால்தான். ஒரு வீட்டில், துவைக்கப் போட்ட சட்டைப் பையிலிருந்து பாம்புச் சட்டை ஒன்று வெளியே வந்தது; துவைக்க வந்த அம்மாள் வாளியைப் போட்டுவிட்டு ஓடியவர் தெருமுனை வரை நிற்கவில்லை. இன்னொரு வீட்டில் அவரே மொட்டைமாடியில் நின்று பக்கத்து வீட்டுக்காரருக்கு உற்சாகமாக விளக்கம் கொடுத்துவிட்டார். மறுநாளே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

இந்த வீட்டையும் விடத் தையல்காரிக்கு மனசு இல்லை. அதற்குக் காரணம் ஒரு ஜன்னல். மாடி அறையின் தெற்குச் சுவர் முழுக்க ஜன்னல். அதன் அடியில் தையல் இயந்திரத்தைப் போட்டால் காலையிலிருந்து சாயங்காலம் வரை விளக்கே தேவையில்லை. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டினாலும் ஒவ்வொரு தையலும் கண்ணுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து இருட்டு மூலைகளில் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கித் தைத்தவள் அவள். அந்த ஜன்னலுக்காக எந்தப் பொய்யையும் சொல்லத் தயாராக இருந்தாள். வீட்டு ஒப்பந்தம் அந்த மாதம் முடிகிறது. “யோசிச்சுச் சொல்றேன்” என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தார். அந்த யோசனை முடிகிற வரைக்கும் அவர் மூக்கில் ஒரு தூசிகூட ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது தையல்காரியின் திட்டம்.

பாம்புகளைப் போட்டு எடை பார்க்கத் துணிப்பைகளைத் தைத்துக் கொடுத்தது அவள்தான். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரணப் பையில் தையல் விளிம்பு உள்ளே இருக்கும். பாம்புப் பையில் அது வெளியே இருக்க வேண்டும். உள்ளே ஒரு நூல் பிசிறு இருந்தாலும் பாம்பின் பல் அதில் மாட்டிக்கொள்ளும். அதனால் இரட்டைத் தையல் போட்டு, உள்பக்கத்தை வெளியே திருப்பி, வாயில் பச்சை நாடா வைத்துக் கொடுப்பாள். வாடிக்கையாளர்களுக்குத் துணி போட்டுக் கொடுக்கும் பைகளும் அதே துணிதான், ஆனால் வெள்ளை நாடா. பாம்புப் பை ஒரு தடவை மலைக்குப் போய் வந்துவிட்டால் அப்புறம் அவள் கையால் தொடமாட்டாள். அவரே துவைத்து, பின்பக்கக் கொடியில் காயப்போட்டுக்கொள்வார்.

அந்தக் கொடியைத்தான் ஒருநாள் வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டார்.

“ஏம்மா, என் துணியெல்லாம் வெள்ளை நாடா போட்ட பையில குடுக்குற. இங்க பச்சை நாடால்ல தொங்குது. அது யாருக்கு?”

“ஆபீசுக்கும்மா. புல்லு விதை போட்டு வைக்க.”

“அப்ப விதைக்குப் பச்சை நாடா, எனக்கு வெள்ளையா? வீட்டுக்காரின்னா அவ்வளவு இளப்பமாப் போச்சா?”

ஒப்பந்தம் முடிகிற மாதம். தையல்காரி தர்க்கம் பேசவில்லை. வீட்டுக்காரம்மாவின் பட்டு ஸ்கார்ஃப் அப்போது அவளிடம்தான் இருந்தது. போய்ச் சேர்ந்த கணவர் வாங்கித் தந்தது, ஓரம் பிரிந்து கிடந்தது. அதை அண்ணன் வீட்டு விருந்துக்கு மட்டும்தான் அவர் போட்டுக்கொள்வார். ஏனென்றால் அங்கே அண்ணி இருப்பாள். வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு முழங்கால் வலி என்றால் அண்ணிக்கு இரண்டு முழங்காலும் வலிக்கும். இவர் படியில் வழுக்கினேன் என்றால் அவள் மாடியிலிருந்தே விழுந்திருப்பாள். ஒரு தடவையாவது அண்ணியின் வாயை அடைத்துவிட வேண்டும் என்பது அந்தம்மாவின் வாழ்நாள் ஆசை. ஸ்கார்ஃபாவது அதைச் செய்யட்டும் என்று, தையல்காரி ஓரத்தை மயிரிழை மயிரிழையாகச் சுருட்டித் தைத்தாள். புதுப்பை ஒன்று தைத்து அதில் ஆசையாகப் பச்சை நாடாவும் வைத்தாள்.

விருந்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மலையை மூடுபனி விழுங்கியது. புல்லு சார் நனைந்த கோழி மாதிரி வந்து சேர்ந்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“ஊசி, முதல்ல கோபப்பட மாட்டேன்னு சொல்லு.”

“கையில என்ன?”

“கீழ்ச்சரிவுல நாளைக்கு மெஷின் விட்டுப் புல்லு வெட்டப் போறாங்க. அங்க இவ படுத்திருந்தா. மேல கொண்டுபோய் விடலாம்னு எடுத்தேன். அதுக்குள்ள பனி இறங்கிடுச்சு. ஜீப் ஓட்டுற ஹாரன் அண்ணன் அதுக்கு மேல வண்டியை எடுக்கவே பயந்துட்டார். இந்தக் குளிர்ல கண்ட இடத்துல விட்டா செத்துரும். ஆபீஸையும் பூட்டிட்டாங்க.”

“என்னங்க! வாசப்படியைத் தாண்டி ஒண்ணும் வராதுன்னு என் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்ணீங்களே!”

“மெதுவா. கீழ கேக்கும். மாசமா இருக்கா, ஊசி. வயித்தைப் பாத்தாலே தெரியுது. மாசமா இருக்கிறவளைக் குளிர்ல நிறுத்துவியா?”

“அவ என்ன எனக்கு நாத்தனாரா?”

சொல்லிவிட்டாளே தவிர, கதவைச் சாத்தவும் அவளால் முடியவில்லை. அவர் பின்னாலிருந்து பையை முன்னால் கொண்டுவந்தார். வாயை மடித்து, நாடாவைச் சுற்றிச் சுற்றி, ஆண்டவனாலும் அவிழ்க்க முடியாத தன்னுடைய முடிச்சைப் போட்டிருந்தார். கணப்புக்குப் பக்கத்துச் சுவரில் துணி மாட்டும் ஆணிகள் வரிசையாக இருந்தன. முதல் ஆணியில் மாட்டினார். அடியில் ஒரு சின்னக் கனம் சுருண்டு கிடப்பது தெரிந்தது. தையல்காரி நாற்காலியை அறையின் மறுகோடிக்கு இழுத்துப் போட்டு அதன்மேல் கால்களைத் தூக்கி வைத்து உட்கார்ந்தாள்.

“காலைல முதல் வேலையா மலைக்குப் போறோம். நானும் வருவேன். அது போச்சான்னு என் ரெண்டு கண்ணாலயும் பாத்தாத்தான் எனக்கு நிம்மதி.”

விடிந்ததும் அவர் எழுந்து பார்த்தார். கணப்பின் சூடு அதிகமோ என்று தோன்றியது. பையை மூன்றாவது ஆணிக்கு மாற்றிவிட்டுப் பல்தேய்க்கப் போனார். அவளிடம் சொல்லவில்லை. தூக்கக் கலக்கத்தில் அவருக்கே அது மறந்துபோனது. அவள் எழுந்து, ஸ்கார்ஃபைத் தேய்த்து மடித்து, பச்சை நாடாப் பையில் போட்டாள். தேய்த்த ஈரம் போகட்டும் என்று கணப்பின் பக்கம் வந்தாள். தூரத்து ஆணியில் தொங்குவது இன்னதென்று அவளுக்குத் தெரிந்தது. காலியாக இருந்த முதல் ஆணியில் இதை மாட்டினாள். அவரிடம் சொல்லவில்லை.

கீழேயிருந்து குரல் வந்தது. “ஏம்மா தையல்காரி! என் ஸ்கார்ஃப் என்னாச்சு? விருந்து முடிஞ்சப்புறம் குடுப்பியா?”

“இதோம்மா!” அவள் காலுறைக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள். “என்னங்க, போற வழியில அவங்க பையைக் குடுத்துட்டு வாங்க.”

முதல் ஆணியில் பாம்பு. மற்றது ஸ்கார்ஃப். அவர் கணக்கு அவ்வளவுதான். இரண்டையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். ஒன்றை வீட்டுக்காரம்மாவின் கையில் மரியாதையாகக் கொடுத்தார். இன்னொன்றை மூடி போட்ட பெட்டியில் வைத்து ஜீப்பில் ஏற்றினார்.

ஜீப்பை ஓட்டியவருக்கு ஹாரன் அண்ணன் என்று பெயர். ஈ காக்காய் இல்லாத வெட்டவெளியிலும் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கிறவர். எத்தனையோ காலமாகப் பாம்பு ஆபீஸில் வேலை பார்த்தும் ஒரு பாம்பைக்கூட அவர் பார்த்ததில்லை. பார்க்காமல் இருப்பதற்கு வேண்டிய எல்லா ஏற்பாடும் செய்துகொள்வார்.

“தங்கச்சி, நீ எதுக்கும்மா வர்ற?”

“போகுதான்னு பாக்கணும்ணே.”

“நான் பாக்காம இருக்கிறதுக்குப் படுறபாடு எனக்குத்தான் தெரியும்” என்றார் அவர், ஒரு ஹாரன் அடித்து.

மேலே பனி விலகியிருந்தது. தையல்காரி அதுவரை அந்தப் புல்வெளியைப் பார்த்ததில்லை. எங்கு பார்த்தாலும் புல். இடுப்பளவு ஓரிடத்தில், கணுக்கால் அளவு ஓரிடத்தில். பனித்துளி காயும்போது புல்லின் நிறம் திட்டுத் திட்டாக மாறிக்கொண்டே வந்தது. வெட்டுக்கிளிகள் அவள் பாவாடையில் மோதித் தெறித்தன. நல்ல வெளிச்சம் என்று நினைத்தாள். இங்கே ஒரு தையல் இயந்திரம் போட்டால் எப்படி இருக்கும் என்றும் நினைத்தாள்.

“கீழே பாத்து வா, ஊசி. நான் வச்ச இடத்துல கால் வை” என்று முன்னால் போனார் அவர். வெயில் பட்ட ஒரு புல் திட்டைத் தேர்ந்தெடுத்து, பையைத் தரையில் வைத்து, நீண்ட இடுக்கியால் நாடாவைப் பிடித்தார். ஹாரன் அண்ணன் ஜீப்பின் பானெட்டின்மேல் ஏறி நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

“என்னது, முடிச்சு இவ்வளவு லேசா இருக்கு?” என்றார் புல்லு சார்.

தையல்காரி பத்தடி தள்ளித்தான் நின்றாள். ஆனாலும் தன் கைத்தையல் ஒரு மைல் தூரத்திலிருந்தாலும் அவளுக்குத் தெரியும்.

“என்னங்க, நில்லுங்க! அந்தப் பையில தையல் உள்பக்கம் இருக்கு.”

“இருந்தா என்ன?”

“அது பாம்புப் பை இல்லைங்க.”

அதற்குள் அவர் பையைக் கவிழ்த்துவிட்டார். வீட்டுக்காரம்மாவின் பட்டு ஸ்கார்ஃப் வழுக்கிக்கொண்டு வந்து புல்லின்மேல் விழுந்து, காற்றில் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“போச்சா? போயிடுச்சா?” என்று பானெட்டிலிருந்து கத்தினார் ஹாரன் அண்ணன்.

“எல்லாம் போச்சுண்ணே” என்றாள் தையல்காரி. “என் ஜன்னல் போச்சு.”

“ஜன்னலா? வீட்டுக்காரம்மா கையில விரியனைக் குடுத்துட்டு வந்திருக்கேன்!” அவர் ஸ்கார்ஃபை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினார். “கடிச்சா கை வீங்கிடும். அந்த வயசுக்குத் தாங்காது. ஹாரன் அண்ணே, வண்டியை எடுங்க!”

போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. இறங்கி வரும் வழியெல்லாம் ஹாரன் அண்ணன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அன்றைக்குத்தான் அவர் அடித்த ஹாரனுக்கு முதல்முறையாக ஓர் அர்த்தம் இருந்தது. தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் ஜன்னலை நினைத்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் அந்தம்மாவை நினைத்தாள். அப்புறம், யாருக்கும் தெரியாமல், இன்னொரு தடவை ஜன்னலை நினைத்தாள்.

அவர்கள் நுழைந்தபோது வீட்டுக்காரம்மா கணப்பின் முன்னால், விருந்து உடுப்பில், மடியில் கம்பளி விரித்து உட்கார்ந்திருந்தார். கம்பளியின்மேல் பை. கையில் பின்னல் ஊசி. முடிச்சுக்குள் அதை விட்டுக் குடைந்துகொண்டிருந்தார்.

“வாங்க! வாங்க! என்ன முடிச்சு போட்டுக் குடுத்திருக்கீங்க? குளிச்சிட்டு வந்து உக்காந்தவ, இன்னும் எந்திரிக்கல. ஊசி போட்டுப் பாத்தேன், முள்கரண்டி போட்டுப் பாத்தேன், பல்லால கடிச்சுக்கூடப் பாத்துட்டேன். ஏம்மா, அந்தக் கத்திரிக்கோலை எடு.”

“அம்மா!” தையல்காரிக்குக் குரல் கீச்சென்று வந்தது. “வெட்டாதீங்க! அசையாதீங்க!”

“ஏன்?”

ஒரு பொய் அவள் நாக்கு நுனி வரை வந்தது. பையை மட்டும் எப்படியாவது வாங்கி, மாற்றிக் கொடுத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அதற்கு அந்தம்மாவே பையைத் தூக்கி நீட்ட வேண்டும், அடியில் கை கொடுத்து. தையல்காரி பொய்யை விழுங்கினாள்.

“அதுக்குள்ள பாம்பு இருக்கும்மா. விரியன். கையை மெதுவா எடுங்க.”

வீட்டுக்காரம்மா கையை எடுத்தார். பின்னல் ஊசி தரையில் விழுந்தது. புல்லு சார் மண்டியிட்டு, முடிச்சுக்கு மேலே பிடித்துப் பையைத் தூக்கி, தன் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“பல்லால கடிச்சேன்” என்றார் வீட்டுக்காரம்மா மெதுவாக.

“நல்லவேளைம்மா, அது திருப்பிக் கடிக்கல” என்றார் புல்லு சார். தையல்காரி அவரை முறைத்தாள்.

“பாம்பா இல்லையான்னு நான் எப்படி நம்புறது? திறந்து காட்டுங்க.”

“அம்மா, வேண்டாம்...”

“என் மடியில உக்காந்திருந்தது என்னன்னு நான் பாக்க வேண்டாமா?”

மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது; முன்பு அதில் மீன் வளர்த்தார்கள். புல்லு சார் முடிச்சை அவிழ்த்து, இடுக்கியால் பையை அதற்குள் மெல்லக் கவிழ்த்தார். முதலில் விரியன் வந்து, ஒரு மூலையில் சுருண்டு, தலையை மட்டும் தூக்கியது. அதன் பின்னால் ஈரமான கயிற்றுத் துண்டு மாதிரி ஒன்று விழுந்தது. இன்னொன்று. அப்புறம் கொத்தாக மூன்று. கடைசியில் பையின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு. ஒவ்வொன்றும் பென்சில் அளவு. ஒவ்வொன்றின் முதுகிலும், யாரோ மெல்லிய நிப்பால் வரைந்தது மாதிரி, அதே நெளிகோடு. கண்ணாடிபோன்ற ஒரு சவ்வைக் கிழித்துக்கொண்டு கடைசிக் குட்டி தலையை வெளியே நீட்டியது.

புல்லு சார் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். “பிறந்துடுச்சு! பாருங்கம்மா, முட்டை இல்ல, நேரா குட்டி! உங்க மடிச் சூட்டுல பிறந்திருக்கு!”

தையல்காரி கால்களைத் தூக்கி வைக்க நாற்காலி தேடவில்லை. தொட்டியின் அருகில் இருந்தாள். அதைக்கூட அவள் அப்போது கவனிக்கவில்லை.

வீட்டுக்காரம்மா வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

“அப்ப புல்லு?”

“என்னம்மா?”

“நீங்க எண்ணுறது இதைத்தான்னா, புல்லு? என் புல்லுக்குத் தண்ணி அதிகம்னீங்க, குறைச்சேன். பத்தலைன்னீங்க, ஊத்தினேன். உங்க பேச்சைக் கேட்டுக் குடை பிடிச்சுக்கிட்டு மழையில தண்ணி ஊத்தியிருக்கேன்யா! புல்லைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

புல்லு சார் தலைகுனிந்தார். “பாம்பு அதுல படுக்குமா படுக்காதான்னு தெரியும்மா.”

“படுக்குமா?”

“உங்க புல்லுல படுக்காதும்மா. ரொம்பக் கம்மியா இருக்கு.”

வீட்டுக்காரம்மா ஸ்கார்ஃபைப் பிடுங்காத குறையாக வாங்கி, ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு, கழுத்தில் சுற்றிக்கொண்டார். “வந்து பேசிக்கிறேன்” என்று ஒரே வார்த்தை. வாசல் கதவு சாத்திய வேகத்தில் கண்ணாடித் தொட்டி அதிர்ந்தது.

புல்லு சார் தாயையும் பிள்ளைகளையும் இன்னொரு பையில் ஏற்றிக்கொண்டு உடனே மலைக்குத் திரும்பினார். தையல்காரி மாடிக்குப் போனாள். ஜன்னலின் அடியில் உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நூல்கண்டுகளை நிறவாரியாகப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். எப்படியும் மூட்டை கட்ட வேண்டியதுதானே. வெயில் ஜன்னலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்ந்தது. மலையிலிருந்து அவர் வந்து பெட்டியைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து, சிவப்புக் கண்டுகளை அவளிடம் எடுத்துக் கொடுத்தார்.

“எல்லாம் நல்லாப் போய்ச் சேர்ந்துச்சா?” என்று கேட்டாள்.

“தெற்குப் பாத்த சரிவுல விட்டேன். நல்ல வெளிச்சம்.”

“அதுக்காவது கிடைச்சுதே.”

படியில் காலடிச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரம்மா மாடி ஏறி அவர்கள் பார்த்ததே இல்லை. மூச்சு வாங்க வந்து, ஸ்கார்ஃபைக் கழற்றி நாற்காலியில் எறிந்தார்.

“நம்ப மாட்டேங்குறா!”

“யாரும்மா?”

“அந்த அண்ணிதான்! முழுக்கதையும் சொன்னேன். ஒரு ஸ்பூன் சத்தம் இல்ல, எல்லாரும் வாயில ஈ போறது தெரியாமக் கேட்டாங்க. மடியில குட்டி போட்டுச்சுன்னு சொன்னேன். ஒரு வார்த்தை பேசல அவ. வாயடைச்சுப் போச்சுன்னுதான் நினைச்சேன். கடைசியில ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு, ‘உனக்குக் கனவு ஏதாவது வந்திருக்கும்’னு சொல்றா! எல்லாரும் சிரிச்சுட்டாங்க.” அவர் உதடு துடித்தது. “புல்லு சார், அவளைக் கூட்டிட்டு வரேன். அந்தப் பாம்பை மறுபடி குட்டி போடச் சொல்லுங்க.”

“இனிமே எப்படிம்மா? இந்த வருஷத்துக்கு முடிஞ்சுது.”

“சரி, அடுத்த வருஷம்.”

“அடுத்த வருஷமும் போடாதும்மா. மேல குளிர்காலம் நீளம், வெயில்காலம் குட்டை. ஒரு தடவை பெத்தா உடம்பு தேறவே ஒரு வருஷம் ஆகும். ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் அது குட்டி போடும்.”

வீட்டுக்காரம்மா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார்.

“அப்ப அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் எங்கயும் போகக் கூடாது. சாட்சி வேணும் எனக்கு. ஒப்பந்தத்தை ரெண்டு வருஷத்துக்குப் போட்டுக்கங்க.” அப்போதுதான் நூல்பெட்டியைப் பார்த்தார். “என்ன இது, வெள்ளிக்கிழமையா, சுத்தம் பண்றியா?”

“ஆமாம்மா” என்றாள் தையல்காரி. அந்த வீட்டில் அவள் சொன்ன கடைசிப் பொய் அதுதான்.

“இனிமே பாம்பு வீட்டுக்குள்ள வரக் கூடாது. வந்தா என்கிட்ட முதல்ல காட்டணும்” என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு சட்டங்களைப் போட்டுவிட்டு அவர் இறங்கிப் போனார்.

சொன்னபடி ஒரு வருஷம் விட்டு அடுத்த வருஷம் அண்ணியை ஜீப்பில் ஏற்றிப் புல்வெளிக்கே கூட்டிப் போனார்கள். திட்டின்மேல் தாயும், பக்கத்துப் புல்லில் குட்டிகளும் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அண்ணி வெகுநேரம் பார்த்துவிட்டு, “இவ்வளவு சின்னதா? நீ சொன்னப்ப தொடைத் தண்டி இருந்துச்சே” என்றாள். வீட்டுக்காரம்மா திரும்பும்போது வழியெல்லாம் அண்ணிக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்து வந்தார். ஆனால் அதற்குள் இன்னொரு விருந்து வந்தது, இன்னொரு கதை வேண்டியிருந்தது, ஒப்பந்தம் மறுபடி இரண்டு வருஷத்துக்கு நீண்டது. அப்படியே நீண்டுகொண்டு போனது. வாசல் புல்தரை கடைசி வரை மஞ்சள்தான்.

புல்லு சார் ஒரு குளிர்காலத்தின் முடிவில், பனி உருக இன்னும் கொஞ்ச நாள் இருந்தபோது, தூக்கத்திலேயே போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் தையல்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “பாம்பா?” என்றுதான் கேட்டார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வீட்டுக்காரம்மாதான் அவளுக்காகச் சொன்னார். “நெஞ்சுங்க, நெஞ்சு! பாம்பு அவரை ஒரு நாளும் ஒண்ணும் பண்ணினதில்ல. வெட்டுக்கிளி தின்னுற ஜீவன் அது.” புல்லு சாரின் குரலிலேயே, அவர் சொல்வதுபோலவே இருந்தது. தையல்காரிக்கு அந்த அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது.

பனி உருகியது. மேலே புல் பச்சை கட்டத் தொடங்கியது ஜன்னலிலிருந்தே தெரிந்தது. இயந்திரம் ஓடாமல் கிடந்தது. ஒப்பந்தம் முடிகிற மாதமும் வந்தது. ஒரு நாள் மறுபடி படியில் காலடிச் சத்தம். இப்போது நின்று நின்று, மூச்சு வாங்கி வாங்கி வந்தது. வீட்டுக்காரம்மா உள்ளே வந்து உட்கார்ந்தார். ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஏம்மா, இது குட்டி போடுற வருஷமா, போடாத வருஷமா?”

தையல்காரி விரலை மடக்கினாள். ஒருமுறை தப்பாகி, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

“போடுற வருஷம்மா.”

“அப்ப ஹாரனை வரச் சொல்லு” என்றார் வீட்டுக்காரம்மா. “போறதுக்குள்ள ரெண்டு பை தச்சு வை. கையில ஒண்ணும் இல்லாம எப்படிப் போறது?”

தையல்காரி துணியை எடுத்துப் போட்டாள். ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. இரட்டைத் தையல் ஓட்டி, விளிம்பை வெளிப்பக்கம் திருப்பினாள். பச்சை நாடா பெட்டியில் இன்னும் நிறைய இருந்தது.